அஞ்சுவதில் இழுக்கில்லை

மருத்துவமனையில் மிக நீண்ட நேரம் எது என்றால், பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் நேரமே. அப்போது நெஞ்சில் எழும் அச்சத்தைக் கோழைத்தனம் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. அச்சம் இயல்பானது; அதை மறைப்பதே பெரும் பாரமாகிறது.

அடையாற்றில், 1954-ஆம் ஆண்டு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தம் தங்கையை அந்நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். புற்றுநோய் என்றாலே மரணம் என்று பலரும் நம்பிய காலம் அது. நேர்ந்த இழப்பை ஏற்றுக்கொண்ட அவர், பிறருக்கு அது நேராதிருக்க உழைத்தார். ஏற்றுக்கொள்வது என்பது கைகட்டி நிற்பதன்று. 1955-இல் அங்குச் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் வலியுறுத்தினார். அச்சத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடுவோர் அந்த வாய்ப்பையே இழக்கின்றனர்.

அன்பின் பெயரால், நோயின் பெயரை நோயாளியிடமே மறைக்கும் வழக்கமும் நம் இல்லங்களில் உண்டு. அவரோ நம் முகங்களைப் படித்துப் பாதியை அறிந்துகொள்கிறார்; மீதியைத் தனிமையில் கற்பனை செய்து நடுங்குகிறார். அவர் அறிய விரும்பினால், மருத்துவரின் துணையோடு உண்மையைச் சொல்லிவிடுவதே நலம்.

இன்றிரவு உறக்கம் வராவிடில், மனத்தை அரிக்கும் ஐயங்களை ஒரு தாளில் எழுதுங்கள். காலையில் மருத்துவரிடமோ செவிலியரிடமோ அதை நீட்டுங்கள். விடை எதுவாயினும், அதை நீங்கள் தனியே சுமக்க வேண்டியிராது.