"எந்தத் தெரு?" என்று கேட்காத சோறு

விருந்தோம்பல் என்றாலே தமிழனுக்கு மீசை துடிக்கும். திருக்குறளில் தனி அதிகாரமே இருக்கிறதே! இருக்கட்டும். பெரம்பலூர் மாவட்டம் பூலாம்பாடியிலிருந்து ஒரு பையன் முதல்முறையாக, தன்னந்தனியாக, சிங்கப்பூர் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். தேக்காவில் ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவர் கிடைக்கிறார். "பூலாம்பாடியா? அட, நம்ம பக்கம்!" முகமெல்லாம் மலர்ச்சி. அடுத்த கேள்வி, "அங்க எந்தத் தெரு?"

எதற்கு இந்தக் கேள்வி என்பது கேட்டவருக்கும் தெரியும், பையனுக்கும் தெரியும். "வீட்டுக்கு வா, சாப்பிடலாம்" என்பதா, "பாத்துப் போப்பா" என்பதா... எல்லாம் பதிலைப் பொறுத்தது.

அதே பையன் சிலாட் ரோடு குருத்வாராவுக்குப் போகட்டும். செருப்பை வெளியே விட்டு, தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தால் ரொட்டியும் பருப்பும் வரும். ஊர் கேட்க மாட்டார்கள், மதம்கூடக் கேட்க மாட்டார்கள். லங்கர் என்ற இந்தப் பொதுச் சமையலறை குரு நானக் காலத்திலிருந்து வருவது. அரசனும் ஆண்டியும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படையே.

அந்தக் குருத்வாரா 1924-இல் எழுந்தது. பிரிட்டிஷாரை எதிர்த்ததற்காக 1850-இல் சிங்கப்பூருக்கு நாடு கடத்தப்பட்டு, 1856-இல் சிறையிலேயே இறந்த பாய் மகராஜ் சிங்கின் நினைவிடமும் அங்கே இருக்கிறது. இப்படிப்பட்ட வரலாறு உள்ளவர்களைப் பற்றி நம்மவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் என்ன? சர்தார்ஜி ஜோக்! வார இதழில் படித்து, எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்பி, இப்போது வாட்ஸப்பிலும் அதையே ஃபார்வர்டு செய்துகொண்டிருக்கிறார்கள்.

1924 என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வருடம்தான் வைக்கத்தில், மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாச் சாதியாரும் நடக்க வேண்டும் என்று போராட்டம் நடந்தது. பெரியார் சிறைக்குப் போன போராட்டம். போராடியவர்களுக்குச் சோறு போட பஞ்சாபிலிருந்து அகாலிகள் வந்து லங்கர் திறந்தார்கள். காந்திக்கு இது பிடிக்கவில்லை. இது இந்துக்களின் விவகாரம், வெளியார் உதவி கூடாது என்றார். அடுப்பு அணைக்கப்பட்டது. அதே காலகட்டத்தில் இங்கே சேரன்மாதேவி குருகுலத்தில் என்ன நடந்தது? காங்கிரஸ் பணத்தையும் வாங்கிக்கொண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி! தனிப் பந்தி போட்டவர்கள் உள்ளூரார், எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்க வந்தவர்கள் வெளியார். நல்ல கணக்கு.

"பஞ்சாபில் மட்டும் சாதி இல்லையா?" என்று உடனே ஒருவர் கிளம்புவார். இருக்கிறது. தலித்துகள் தனி குருத்வாரா கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் கிராமங்கள் அங்கேயும் உண்டு. அது அவர்கள் தங்கள் குருமார்களுக்குச் செய்யும் துரோகம், அதைத் தட்டிக் கேட்கும் சீக்கியர்களும் இருக்கிறார்கள். அதைக் காட்டித் தேக்காக்காரர் தப்பித்துக்கொள்ள முடியாது. கடல் தாண்டிப் போனவர் பெட்டியில் ஊறுகாயோடு தெருவையும் கட்டி எடுத்துக்கொண்டு போனது ஏன் என்பதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ராத்திரி அவரே போன் செய்து, "எங்கப்பா சாப்பிட்ட?" என்று கேட்கக்கூடும். சீக்கியர் கோயிலில் என்று பையன் சொல்லட்டும். அது எந்தத் தெரு என்று இந்த முறை கேட்டால் தயங்காமல் சொல்லலாம், சிலாட் ரோடு.