வண்டிக்கு ரிப்பன் வெட்டலாம், பயிற்சிக்கு?

போன வாரம் ஆபீஸ்ல ஃபயர் ட்ரில். சைரன் அடிச்சதும் காபி கப்பும் மொபைலுமா படியிறங்கினோம். கீழே தலை எண்ணினாங்க, திரும்ப மேலே வந்துட்டோம். ட்ரில் சக்சஸாம் :-)

நிஜமாவே தீப்பிடிச்சா, நாம இறங்குற அதே படியில எதிர்த்தாப்ல ஏறி வரப்போறவங்க தீயணைப்பு வீரர்கள். அவங்களுக்கு யார் ட்ரில் கொடுக்குறாங்க, அதுக்கு யார் காசு கொடுக்குறாங்கன்னு யோசிச்சதுல வந்த பதிவு இது.

தீயணைப்புத் துறையை நடத்துறது மாநிலங்களோட வேலை. 15-வது நிதிக்குழு சொன்னதுக்கப்புறம், 2023 ஜூலையில மத்திய உள்துறை அமைச்சகம் இதுக்குன்னு 5,000 கோடி ரூபாயில ஒரு திட்டம் கொண்டுவந்தது. வடகிழக்கு, இமயமலை மாநிலங்கள் தவிர மத்த மாநிலங்கள் தங்கள் பங்கா 25 சதவீதம் போடணும். புது நிலையங்கள், நவீன கருவிகள், இதோட மாநிலப் பயிற்சி மையங்களை பலப்படுத்துறதும் அதுல ஒரு அம்சம். நல்ல விஷயம்தான்.

ஆனா என் பயம் என்னன்னா, பயிற்சிங்கிற அந்த ஒரு வரிதான் எப்பவும் முதல்ல சுருங்கும். புது வண்டிக்கு கொடியசைக்கலாம், பேப்பர்ல போட்டோ வரும். நாற்பது பேர் புகை அறைக்குள்ள தவழ்ந்து பழகினதுக்கு எந்த அமைச்சர் ரிப்பன் வெட்டுவார்?

பயிற்சி இல்லாம கருவி மட்டும் இருந்தா என்ன ஆகும்? முதுகுல மாட்டுற காற்று சிலிண்டரையே எடுத்துக்கங்க. அரை மணி நேரத்துக்குன்னு கொடுத்தது, பதட்டத்துல மூச்சு வாங்குறவருக்கு அதுக்கு ரொம்ப முன்னாடியே தீர்ந்துடும். மூடின அறையில தீ ஆக்சிஜன் இல்லாம அடங்கியிருக்கும்போது கதவைச் சட்டுனு திறந்தா, உள்ளே போன காத்துல புகையே வெடிச்சு எரியும். மின்சார ஸ்கூட்டர் பேட்டரி அணைஞ்ச மாதிரி இருந்து சில மணி நேரம் கழிச்சு மறுபடி பத்திக்கும். இதெல்லாம் மேனுவல் படிச்சு வர்ற விஷயமில்லீங்க. உடம்பு பழகணும், வருஷா வருஷம் பழகணும்.

2020 நவம்பர் 14, தீபாவளி ராத்திரி. மதுரை தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு பழைய கட்டிடத்துல தீ. அணைச்சிக்கிட்டிருக்கும்போதே கட்டிடம் இடிஞ்சு விழுந்து ரெண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்துபோனாங்க. பயிற்சி இருந்திருந்தா பிழைச்சிருப்பாங்கன்னு இங்க உட்கார்ந்து சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனா எரியுற பழைய கட்டிடம் எப்போ விழும்னு சுவரைப் பார்த்துப் படிக்கிறதும் ஒரு பாடம்தான். அந்தப் பாடத்துக்குப் பணம் இருக்கணும்.

‘வண்டியே இல்லாத ஊர்ல பயிற்சி கொடுத்து என்ன பண்ண?’ன்னு கேட்பீங்க. நியாயம். வண்டி வேணாம்னு நான் சொல்லலை. அந்த 5,000 கோடியிலயே 500 கோடியை, சட்ட, கட்டமைப்புச் சீர்திருத்தம் செய்யுற மாநிலங்களுக்கு ஊக்கத்தொகைன்னு தனியா எடுத்து வச்சாங்க. அதே பாணியில, ஒரு வீரர் வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் நிஜப் புகையில, நிஜ உயரத்துல பழகினார்னு கணக்குக் காட்டினாதான் அடுத்த தவணைன்னு வைக்கலாமே? வாங்கின பில்லை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்தா, எல்லாரும் பில்லுதான் காட்டுவாங்க.

அடுத்த ட்ரில்லுக்கு நான் காபி கப்பை வச்சிட்டு இறங்கப்போறேன். நீங்க என்ன நினைக்கிறீங்க மக்கா? பின்னூட்டத்துல திட்டணும்னாலும் திட்டுங்க :-)