இந்தியாவில் எக்ஸ்பிஆர்எல்

எக்ஸ்பிஆர்எல் என்பது நிறுவனங்களின் அறிக்கைகளைக் கணினி வாசிக்கத்தக்க வகையில் பதிவதற்கான, எக்ஸ்எம்எல் அடிப்படையிலான சீர்தரம் ஆகும். அறிக்கையிலுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் பொருள், காலம், அலகு ஆகியவற்றைக் குறிக்கும் அடையாளம் இடப்படுகின்றது. இந்தியாவில் நிறுவன விவகார அமைச்சகம் 2010-11 நிதியாண்டு முதல் குறிப்பிட்ட வகை நிறுவனங்களுக்கு இதனைக் கட்டாயமாக்கியது. 2022-23 முதல், சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களிலுள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் செபியின் பிஆர்எஸ்ஆர் எனப்படும் பொறுப்புடைமை அறிக்கையையும் அளிக்க வேண்டும். இதுவும் எக்ஸ்பிஆர்எல் வடிவில் பெறப்படுகின்றது.

பயனும் சிக்கலும்

ஆரெல் போன்ற திறமூல மென்பொருள்கள் இக்கோப்புகளைச் சரிபார்க்கவும் அட்டவணைகளாக மாற்றவும் உதவுகின்றன. இதனால் பல நிறுவனங்களை ஒப்பிடுதல் எளிதாகின்றது. ஆயினும் அறிக்கையில் இல்லாததை எக்கருவியாலும் காட்ட இயலாது. எடுத்துக்காட்டாக, கடலில் விடப்படும் நீரின் அளவு பிஆர்எஸ்ஆர் படிவத்தில் கேட்கப்படுகின்றது. பொதுவாக இது ஆலைவாரியாகப் பிரிக்கப்படாமல், நிறுவனம் முழுமைக்குமான மொத்தமாகவே தரப்படுகின்றது. எனவே சென்னை நொச்சிக்குப்பம் போன்ற மீனவர் குடியிருப்புகளில் வாழ்வோர், தம் கரையோரக் கடலில் எவ்வளவு கழிவுநீர் சேர்கின்றது என்பதை இதிலிருந்து அறிய முடியாது. ஆலையின் அமைவிடத்தையும் அடையாளமாகச் சேர்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தரவுகளுடன் இணைத்தால், முதலீட்டாளருக்காகத் திரட்டப்படும் இத்தரவு கரையோர மக்களுக்கும் பயன்படும்.