அம்போன் ஜனங்களின் மேல் சுமத்தப்படும் பழி

இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் லஸ்கர் ஜிஹாத் என்னும் முஸ்லிம் ஆயுதப் படை தலையெடுத்ததற்கு அங்குள்ள ஜனங்கள் பரம்பரையாய் வளர்த்துவந்த மதத்துவேஷமே காரணமென்றும், துவேஷம் தணிந்ததும் படையும் தானே மறைந்ததென்றும் நண்பர் வாதிக்கிறார். கிறிஸ்தவக் கிராமமும் முஸ்லிம் கிராமமும் 'பேலா' என்னும் சகோதர உடன்படிக்கையால் பிணைந்து, தேவாலயமும் பள்ளிவாசலும் எழுப்புவதில்கூடப் பரஸ்பரம் கைகொடுத்துவந்த பூமி அது என்பதை அவர் எப்படி மறந்தார்?

1999 ஜனவரி 19-ல் அத்தீவுகளின் அம்போன் நகரில் எழுந்த ஒரு சச்சரவு இரு மதத்தாரிடையே பெருங்கலகமாய் மூண்டது உண்மை. அவ்வாண்டின் இறுதியில் ஹல்மஹேராத் தீவில் முஸ்லிம்கள் திரளாய்க் கொல்லப்பட்டதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் துக்கத்தையே மூலதனமாக்கி, ஜாஃபர் உமர் தாலிப் என்பவர் படை திரட்டியது தொலைவிலுள்ள ஜாவாவில். ஜனாதிபதி அப்துர்ரஹ்மான் வாஹித் தடுக்கும்படி ஆணையிட்டிருந்தும், 2000-ல் ஆயிரக்கணக்கானோர் சுரபாயாத் துறைமுகத்தில் பகிரங்கமாய்க் கப்பலேறினார்களே, அவர்களை மறிக்கக் கடமைப்பட்டவர்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஆணையை அலட்சியம் செய்த அதிகாரிகளின் குற்றத்தை ஏழைக் கிராமவாசிகளின் தலையில் கட்டுவது அநியாயம்.

அப்படை தானே மறையவுமில்லை. 2002 பிப்ரவரியில் இரு தரப்பாரிடையே மாலினோ சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஏப்ரலில் சோயா கிராமத்துக் கிறிஸ்தவர்கள் படுகொலையுண்டபின் ஜாஃபர் கைதானார். அராபிய மார்க்க அறிஞர்களும் ஆதரவை விலக்கிக்கொள்ளவே, அக்டோபரில் படை கலைக்கப்பட்டது. கலவரத்தைத் தூண்டியதாக ஜாஃபர்மீது தொடுக்கப்பட்ட வழக்கில், 2003 ஜனவரியில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.