மூணு புஸ்தகம், ஒரு கதை

முதல் நாவலையே 'மூன்று பாகம்' என்று அறிவித்துவிட்டு எழுத உட்காருகிறார்கள். கேட்டால் டோல்கீனைக் காட்டுவார்கள். ஸாரி, அவர் எழுதியது ஒரே நாவல். 1937-ல் ஆரம்பித்து 1949-ல் முடித்தார். காகிதச் செலவுக்குப் பயந்து அதை மூன்றாக்கி 1954-55-ல் வெளியிட்டவர் பதிப்பாளர். அஸிமோவின் 'ஃபவுண்டேஷ'னும் பெரும்பாலும் 1942 முதல் பத்திரிகையில் வந்த கதைகள். 1951-53-ல்தான் மூன்று புத்தகமாச்சு. இருவருக்கும் கதை முந்தி, எண்ணிக்கை பிந்தி.

மூன்றுதான் எழுதுவேன் என்று அடம்பிடித்தால், முதலில் நடுப் புத்தகத்தைத் திட்டமிடுங்கள். அதற்கென்று தனியாக ஒரு சிக்கல், ஒரு முடிவு வேண்டும். இல்லையென்றால் அது நாவல் இல்லை, வெயிட்டிங் ரூம். அதற்கும் வாசகனிடம் முழு விலை வாங்குவது அநியாயம்.