சுவரெழுத்தும் அதன் வாசகரும்

பொதுவெளி எழுத்துக்கலையில் வாசகத்தைத் தேர்வதற்கு முன்பே முடிவாக வேண்டியது ஒன்று உண்டு: அதை யார், எங்கே நின்று, எவ்வளவு நேரம் படிப்பார்? தண்டலம் வழியாகச் செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் எழுத்துக்குப் பஞ்சமில்லை. ஆலைத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஷிப்ட் பேருந்தின் கண்ணாடியில் நிறுவனப் பெயர், சற்றுத் தள்ளி ஸ்ரீபெரும்புதூர் உணவக வாசலில் கொரிய எழுத்து. இவற்றில் பெரும்பாலானவை விற்கின்றன, அல்லது ஆணையிடுகின்றன. அங்கு வாழ்வோரிடம் பேசும் எழுத்து மிகக் குறைவு.

இப்பகுதி அடங்கிய காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே உள்ள உத்திரமேரூர் இத்துறையினர் ஊன்றிப் படிக்க வேண்டிய இடம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், சபை கூடிய மண்டபத்தின் சுவரிலேயே குடவோலைத் தேர்தல் விதிகள் வெட்டப்பட்டன. வாரிய உறுப்பினருக்கு வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும்; முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதியற்றவர். எந்த இடத்தில் அதிகாரம் செயல்பட்டதோ அந்த இடத்திலேயே அதைக் கட்டுப்படுத்தும் சொல் நின்றது. கல்வெட்டின் வலிமைக்குக் கல்லின் உறுதியைவிட இந்த இடப்பொருத்தமே முதற்காரணம். ஆயினும் அது பிரம்மதேயம், அதாவது பிராமணருக்குத் தானமாக வழங்கப்பட்ட ஊர்; நிலமும் வேதக் கல்வியும் தகுதிகளாக இருந்தன. சுவர் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, உரிமையோ சிலருக்கே உரியதாயிற்று. பொதுச்சொல்லைப் போற்றுவோர் இந்தக் குறையையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

1967க்குப் பின் அரசுப் பேருந்துகளில் இடம்பெற்ற திருக்குறளின் வெற்றி வேறு வகை. ஏழு சீர், அமர்ந்திருக்கும் பயணி, மீண்டும் மீண்டும் படிக்க நேரம். நெடுஞ்சாலை ஓரத்தில் அதே குறள் வீணாகும்.

1982இல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் காட்சிக்கலைஞர் ஜென்னி ஹோல்சர் விளம்பரத் திரையிலேயே தம் வாசகங்களை ஓடவிட்டார். விளம்பரம் எதிர்பார்க்கும் கண்ணுக்கு வேறொன்றைக் காட்டியதே அதன் கூர்மை. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த தொழிற்பகுதியான ஒரகடத்தின் மின்பலகைகளிலும் இது இயலும். ஆனால் புள்ளிகள் குறைந்த திரையில் மெய்யெழுத்தின் புள்ளி மறையும், ரகரமும் காலும் ஒன்றுபோல் தோன்றும். ஆகவே எழுத்துருவைத் திரையிலேயே சோதித்தாக வேண்டும்.

மொழித் தேர்வுக்கு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் நல்ல அளவுகோல் தந்தது: ஆலை வாயில் அறிவிப்பு, பெரும்பாலான தொழிலாளர் அறிந்த மொழியிலும் இருக்க வேண்டும் என்றது 108ஆம் பிரிவு. பேருந்து நிறுத்தத்துக்கும் விடுதிச் சுவருக்கும் இதைவிடத் தாராளமான அளவுகோல் தேவை. அங்கே தமிழ் முதலிடம் பெற, ஒடியாவும் இந்தியும் வங்கமும் அருகில் நிற்கலாம். அம்மொழி வாசகங்களை அம்மொழித் தொழிலாளரே எழுதித் தர வேண்டும்.