வீட்டுத் தரகு

ஊணும் உடையும் போல உறையுளும் மக்கட்கு இன்றியமையாதது என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், குடிக்கூலிக்கு ஒரு வீடு தேடி வடசென்னையில் ஒரு திங்கள் அலைந்தவர்க்கே அதன் அருமை முற்றும் விளங்கும். நாம் வாழும் எம்.கே.பி. நகர், வியாசர்பாடிப் பகுதியில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளைக் கொண்டு எழுந்தது. மகாகவி பாரதி நகர் என்னும் அழகிய பெயர் ஆங்கில எழுத்து மூன்றாய்ச் சுருங்கியது தமிழ் பயிலும் நமக்கு ஒரு மனக்குறை, அது நிற்க. இங்கு ஒரு வீடு காலியாகுமாயின், தேநீர்க் கடைக்காரரும், துணி தேய்ப்பவரும், ஆட்டோ ஓட்டுநருமே அதனை முதற்கண் அறிவர். அவருட் பலர் தரகுத் தொழிலும் உடையர்.

வழக்கம் யாதெனின், வீடு முடிந்தவுடன் குடிவருவோர் ஒரு மாத வாடகையைத் தரகர்க்குக் கொடுத்தல் வேண்டும். மாத வாடகை 8,000 ரூபாய் எனக் கொள்வோம். அட்வான்ஸ் என வழங்கும் முன்பணம் ஆறு மாதத்திற்கு 48,000, முதல் மாத வாடகை 8,000, தரகு 8,000. ஆக 64,000 ரூபாயை, வண்டிக்கூலி நீங்கலாக, ஒரே வாரத்தில் புரட்டியாக வேண்டும். முன்பணமேனும், வெள்ளையடித்த செலவு கழித்து, ஒருநாள் திரும்பும். தரகுப் பணம் திரும்பாது. துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்துண்ணும் குடும்பங்கள் இதன்பொருட்டு நகையை அடகு வைப்பது நாம் கண்கூடாகக் கண்டது.

சென்ற ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நம் குடும்பமும் வீடு மாறிற்று. தரகர் நம்மிடம் ஒரு மாத வாடகை பெற்றார். வீட்டுக்காரரிடமும் அரை மாத வாடகை பெற்றார் என்பது பின்னரே தெரிந்தது. கார்த்திகை மழையில் ஓர் இரவு கூடத்தில் முழங்காலளவு நீர் புகுந்தது. நம் நூல்களில் ஒரு பெட்டி நனைந்து, ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஆண்டுதோறும் இவ்வாறே நிகழும் என அண்டை வீட்டார் அமைதியாகக் கூறினர். தரகரை வினவினோம். “அதெல்லாம் ஓனர் சொல்லணும், தம்பி” என்றார். வீட்டுக்காரரை வினவினோம். “ஏன், தரகர் சொல்லவில்லையா?” என்று வியந்தார்.

அன்று முதல் நம் உள்ளத்தில் நிற்கும் வினா இது: இருவரிடமும் கூலி பெற்ற அவர் எவருடைய ஆள்? நம்முடைய ஆளாயின் வெள்ளத்தை நமக்கு உரைத்திருப்பார். வீட்டுக்காரருடைய ஆளாயின் அவருக்கு நாம் ஏன் கூலி கொடுத்தோம்?

நம் நாட்டு மாட்டுச் சந்தைகளில், துண்டின் மறைவில் விரல் பிடித்து விலை பேசும் தரகரும் இருபுறமும் பெறுவதுண்டே எனச் சிலர் கூறுவர். உண்மையே. ஆயின் மாடு கண்முன் நிற்கிறது. வாங்குவோன் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதறிவான். நடத்திப் பார்த்துக் குறையறிவான். வீட்டின் குறையோ மழை வரும்வரை வாய் திறவாது.

சட்டம் இதில் யாது கூறுகிறது? ரெரா என வழங்கும் 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு பெற்ற மனைத் திட்டங்களின் விற்பனையில் ஈடுபடும் முகவர் தாமும் பதிந்துகொள்ளல் வேண்டும் என விதித்தது. தவறுவோர்க்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தண்டம். நன்று. ஆயின் அச்சட்டம் தரகின் அளவை வரையறுக்கவில்லை. அது விற்பனையைப் பற்றியதேயன்றி வாடகையைப் பற்றியதன்று. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், வேறு உடன்படிக்கை இல்லாவிடில், ஒப்படைத்த வேலை முடியுமுன் முகவர்க்குக் கூலி உரியதாகாது என்கிறது. இதனை அறிந்தோர் வீடு காட்டுவதற்கென்றே முன்கூட்டிக் கேட்கப்படும் சில நூறு ரூபாயைக் கொடுக்கத் தயங்குவர். அறிந்தோர் எத்துணைப் பேர்?

பிற நாடுகளில் இவ்வழக்கம் அண்மையில் பெரிதும் மாறியுள்ளது. ஜெர்மனியில் 2015 ஜூன் முதல், வாடகை வீட்டிற்குத் தரகரை அமர்த்தியவரே அவர்க்குக் கூலி கொடுத்தல் வேண்டும். இங்கிலாந்தில் 2019 ஜூன் முதல், குடியிருப்போரிடம் முகவர் பெற்றுவந்த கட்டணங்கள் பெரும்பாலும் தடுக்கப்பட்டன. நியூயார்க் நகரில், வீட்டுக்காரர் அமர்த்திய தரகர் குடிவருவோரிடம் கூலி பெறலாகாது என்னும் விதி 2025 ஜூன் 11ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. வீடு விற்பனையிலும் அமெரிக்கர் ஒரு திருத்தம் கண்டனர். அங்கே இருதரப்புத் தரகர்க்கும் சேர்த்து, விலையில் நூற்றுக்கு ஐந்து ஆறு விழுக்காடு விற்பவரே கொடுப்பது நெடுநாள் வழக்கம். வழக்கு மன்றமேறிய பின், தேசியத் தரகர் சங்கத்தார் 2024 மார்ச்சில் 41 கோடியே 80 இலட்சம் டாலர் கொடுக்க இசைந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு முதல், வாங்குவோர் ஒரு வீட்டைப் பார்வையிடுமுன்னரே தம் தரகரோடு கூலியை எழுத்தில் முடிவு செய்தல் வேண்டும்.

நாம் வேண்டுவதும் பெரிதன்று. அமர்த்தியவர் கொடுக்கட்டும், தொகை முன்னரே எழுதப்படட்டும், ஒருவரிடம் பெற்றவர் மற்றவரிடம் பெறாதிருக்கட்டும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு உடன்பாடில்லாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகையை மிஞ்சலாகாது எனக் கூறத் துணிந்தது. தரகைப் பற்றியும் அதில் இரண்டு வரி இடம்பெறுதல் தகாதோ?

வீட்டுக்காரர் அச்செலவை வாடகையில் ஏற்றிவிடுவார் என்பர். ஏற்றலாம், நாம் மறுக்கவில்லை. ஆயின் 8,000 ரூபாயைப் பதினொரு மாதத்தில் சிறிது சிறிதாகக் கொடுத்தலும், நகையை அடகு வைத்து ஒரே நாளில் கொடுத்தலும் ஒன்றாகா. அன்றியும், ஆறு வீடு உடையவர் தரகரோடு பேரம் பேச வல்லவர். நாளை மறுநாள் வீட்டைக் காலி செய்ய வேண்டியவர் பேரம் பேச வல்லரல்லர்.

தரகரையும் நாம் பழிக்க எண்ணவில்லை. பத்துப் பேரை வெயிலில் அழைத்துச் சென்றால் ஒருவரே வீடு முடிக்கிறார். அவரும் சிலபொழுது வீட்டுக்காரரோடு இரகசியமாய்ப் பேசி முடித்து, வழிகாட்டியவரை வெறுங்கையோடு அனுப்புகிறார். கூலி முன்னரே எழுதப்படுமாயின் அவ்வநியாயமும் நீங்கும்.

நம் வீட்டு ஒப்பந்தம் வரும் ஜூலையில் முடிகிறது. அத்தரகரே, மேட்டுப்பாங்கான தெருவில் வேறொரு வீடு இருப்பதாகச் சொல்லியனுப்பியுள்ளார். வீட்டுக்காரர் தமக்கு என்ன கொடுக்கிறார் என்பதையும், சென்ற கார்த்திகையில் அங்கே நீர் எவ்வளவு உயர்ந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதித் தருமாறு நம் அன்னையார் அவரைக் கேட்டிருக்கிறார். இதுவரை மறுமொழி வரவில்லை.